பாவுதலும் ஒட்டுதலும்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரையிலும், அங்கிருந்து பூந்தமல்லி வரையிலும் புதுவீடு கட்டுவோர் நடுவே ஒரு பொன்மொழி உலவிவருகிறது. “கல்லு நம்ம ஏரியாவுக்கு ஒத்துவராது சார், பேசாம டைல்ஸ் போட்டுடுங்க” என்பது அது. கடப்பா, கோட்டா, கிரானைட், பளிங்கு என எந்த இயற்கைக் கல்லின் பெயரை எடுத்தாலும் இதுவே விடை. சொல்பவர் ஒப்பந்தக்காரராக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். சென்ற ஆண்டு கல் போட்டு, இந்த ஆண்டு அதன்மேல் பூக்கும் வெள்ளை உப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும் உறவினராகவும் இருக்கலாம். மூவரும் சேர்ந்து கல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். கல்லுக்காக வாதாட எவரையும் காணோம். ஆகவே இக்கட்டுரை.

என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கான்கிரீட் தரையின்மேல் பதித்த கல் வெடிப்பதற்கும், பெயர்வதற்கும், உப்புப் பூப்பதற்கும் பெரும்பாலும் காரணம் கல்லுக்குக் கீழே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் புதைந்துபோகும் அந்த வேலைக்குக் கூலியும் காலமும் கொடுக்க நாம் மறுக்கிறோம். மறுத்த குற்றத்தைக் கல்லின் தலையில் சுமத்துகிறோம்.

தமிழில் இவ்வேலைக்குப் பாவுதல் என்று பெயர். கல் பாவிய தரை என்கிறோம். நாற்றங்காலில் விதை பாவுகிறோம். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலையும் பாவு என்றே அழைக்கிறோம். பரப்புதல் என்னும் பொருள் இம்மூன்றிலும் உண்டு. நாற்றங்காலைச் சேறாக்கிச் சமன் செய்யாமல் எந்த உழவரும் விதை பாவுவதில்லை. பாவை விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்தாமல் எந்த நெசவாளரும் ஊடை ஓட்டுவதில்லை. முன்னேற்பாடே வேலையின் பெரும்பகுதி என்பதை இச்சொல்லை ஆண்டவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று கட்டுமானக் களத்தில் இச்சொல் அருகிவிட்டது. “கல் ஒட்ட ஆள் வந்திருக்கு” என்கிறோம். உறையின்மேல் அஞ்சல்தலை ஒட்டுவது போன்ற வேலை என்று நாமே நம்பிவிட்டோம்.

“நம்ம ஏரியாவுக்குக் கல் ஒத்துவராது” என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். நமக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லாத பரங்கிமலையும் பல்லாவரமும் உலகப் பாறையியல் நூல்களில் இடம்பெற்ற ஊர்கள். அங்குள்ள பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல், பல்லாவரத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது. அக்கல்லின் வகையை ஆராய்ந்த டி. எச். ஹாலந்து 1893இல் சார்னோக்கின் பெயரையே அதற்கு இட்டார். வங்கத்தின் மழையிலும் ஈரத்திலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுத்து அழியாமல் இருக்கும் கல் நம் அண்டை ஊர்க் கல். அதன் இனத்தார்க்கு அம்பத்தூர் ஈரம் ஒத்துவராது என்று சொல்வதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.

கல் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவதும் சரியன்று. கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புப் பாறைகள். பளிங்கு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சுண்ணாம்புப் பாறை. கிரானைட் தீப்பாறை, கடையில் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்பதில் பல, பாறையியலார் கணக்கில் டாலரைட் முதலான வேறு இனங்கள். ஒவ்வொன்றும் நீரை உறிஞ்சும் அளவு வேறு, அமிலத்தைத் தாங்கும் திறன் வேறு. ஒன்றுக்குச் செய்த வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்துவிட்டு நோயாளியைத் திட்டுவது நம் வழக்கமாகிவிட்டது.

இனி நிலத்துக்கு வருவோம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். இந்த ஏரிகளுக்கும் அவை பாய்ந்த வயல்களுக்கும் நடுவில்தான் நம் மனைப்பிரிவுகள் எழுந்தன. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தெருக்களில் நின்ற நீரை நாம் மறந்திருக்க மாட்டோம். இத்தகைய தாழ்நிலத்தில் மழைக்காலம் வந்தால் மண் நெடுநாள் ஈரம் காக்கும். கான்கிரீட் கெட்டியாகத் தோன்றினாலும் நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் அதில் ஏறும். ஏறும் வழியில் மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொள்ளும். கல்லின் மேற்பரப்பை அடைந்து நீர் ஆவியாக, உப்பு தங்கிவிடும். நாம் துடைத்துச் சலிக்கும் வெள்ளைப் பூப்பு அதுவே. உப்பு கல்லின் துளைக்குள்ளேயே படிகமாகுமானால் மேற்பரப்பையே பெயர்க்கும். கடப்பா அடுக்கடுக்காக அமைந்த கல்லாதலால் செதில் செதிலாக உரியும்.

இதைத் தடுக்க வழி இல்லையா? உண்டு, மலிவாகவும் உண்டு. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் தடித்த பாலித்தீன் விரிப்பை, ஒன்றன்மேல் ஒன்று நன்றாகக் கவியும்படி விரித்து, சுவரோரங்களில் மேலே ஏற்றிவிட வேண்டும். கல்லின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு அற்பம். ஆயினும் நம் பகுதியில் எத்தனை வீடுகளில் இதைச் செய்கிறார்கள்? விரிப்பின்மேல் கான்கிரீட் விழுந்துவிட்டால் புதுமனை புகுவிழாவுக்கு வருபவர் எவர் கண்ணிலும் அது படாது. கண்ணில் படாததற்குச் செலவிட நமக்கு மனம் வருவதில்லை. கான்கிரீட் கொட்டிய பிறகு இக்குறையைச் சரிசெய்ய, அதன்மேல் ஈரத்தடுப்புப் பூச்சு பூச வேண்டியிருக்கும். அதன் செலவு பாலித்தீனைப்போல் அற்பமாக இராது.

பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மண்ணின் கதையும் இதுவே. மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிநூல், நிரப்பும் மண்ணை 20 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்தச் சொல்கிறது. நடப்பது என்ன? இடிபாட்டுச் சிதறல் ஒரு லாரி, மண் இரண்டு லாரி, மேலே ஒரு நாள் தண்ணீர். அதன்மேல் கான்கிரீட். இரண்டு மழை கழிந்ததும் உள்ளே மண் அமரும். கான்கிரீட் கீழே தாங்கலின்றி நின்று விரியும். அவ்விரிசல் கல்லிலும் தெரியும். “கல்லு வெடிச்சுடுச்சு” என்கிறோம். கல் தானாக வெடிக்கவில்லை. தரை வெடித்த செய்தியைக் கல் நமக்கு அறிவிக்கிறது.

அடுத்தது காலம். கான்கிரீட்டை நனைத்துப் பதப்படுத்துவது ஒன்று. அது உலர்வது மற்றொன்று. இரண்டையும் ‘க்யூரிங்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறோம். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதி, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், இப்போது பரவலாக விற்கும் கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. இது வலிமை ஏறுவதற்கான கணக்கு. நனைப்பதை நிறுத்திய பிறகே உலர்தல் தொடங்கும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தரைவேலை செய்வோர் பல நாடுகளிலும் சொல்லும் தோராயக் கணக்கு. உலரும்போது கான்கிரீட் சுருங்கும், கல் சுருங்காது. சுருங்கிக்கொண்டிருக்கும் ஒன்றன்மேல் சுருங்காத ஒன்றைப் பிணைத்தால் இடையிலுள்ள பிடிப்பு அறும், அல்லது கல் விரியும்.

ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் துண்டு ஒன்றை நான்கு ஓரமும் நாடாவால் மூடித் தரையில் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டி மறுநாள் காலையில், குறைந்தது 16 மணி நேரம் கழித்து, எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் முத்துக்கள் இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ தரை இன்னும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு முழம் பாலித்தீன் சொல்லும் உண்மையைக் கேட்கப் பொறுமையில்லாமல், வாஸ்து நாளையும் விடுமுறை நாளையும் பார்த்துக் கல் பதிக்கத் தேதி குறிக்கிறோம்.

இனிப் பதிக்கும் முறை. கான்கிரீட்டின் மேல் படிந்த சிமெண்டுப் பாலாடையையும் தூசியையும் எண்ணெய்க் கறையையும் நீக்கி, வழவழப்பான இடங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கிக் கழுவ வேண்டும். கடப்பாவும் கோட்டாவும் தடிமனில் ஒரு சீராக வருவதில்லையாதலால் அவற்றுக்குக் கனமான சாந்துப் படுகையே ஏற்றது. 25 மில்லிமீட்டர் கோட்டாக் கல்லுக்குச் சராசரி 20 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்ந்த சாந்து என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. தேர்ந்த கொத்தனார் சாந்தைப் பரப்பி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி மட்டம் பார்த்து, மறுபடி கல்லைத் தூக்குவார். அடியில் சாந்து எங்கே படவில்லையோ அங்கே இட்டு நிரப்புவார். பிறகு சிமெண்டுப் பால் ஊற்றி, கல்லை இறுதியாக அமர்த்துவார். இந்தத் தூக்கிப் பார்த்தலில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. நேரம் தின்பதும் அதுவே. ஆகவே முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

தடிமன் சீராக அறுத்த கிரானைட், பளிங்கு வில்லைகளுக்குப் பசைச்சாந்து வசதியானது. நான் அதற்கு எதிரியல்லன். ஐ.எஸ். 15477 என்னும் தரவிதி, 2019இல் திருத்தப்பட்ட வடிவில், இப்பசைகளை வகை பிரித்துத் தருகிறது. பல் வைத்த கரணையால் தரை முழுதும் ஒரே திசையில் கோடிழுத்து, கல்லின் அடியிலும் மெல்லத் தடவி, அழுத்தி அமர்த்தினால் அதுவும் பாவுதலே. நான் எதிர்ப்பது, கல்லின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைகள் வைத்து அப்படியே அமுக்கும் வித்தையை. அவ்வுருண்டைகளுக்கு இடையே வெற்றிடம். தட்டினால் பானைபோல் ஒலிக்கும். பீரோவின் கால் அங்கே நின்றால் கல் உடையும். நீர் இறங்கினால் வெளியேற வழியின்றித் தேங்கும். வெளிர் நிறப் பளிங்கில், சாம்பல் நிறச் சிமெண்டால் வைத்த அந்த உருண்டைகள் மேலேயும் நிழலாகத் தெரியும். அதற்கு வெள்ளைச் சிமெண்டோ வெள்ளைப் பசையோ வேண்டும்.

“எங்க ஆளு போட்டா பேப்பர்கூட நுழையாது சார்” என்று பெருமை பேசுவோர் பலர். இணைப்பே தெரியாத தரைதான் இன்று அழகின் இலக்கணம். ஆனால் கல்லும் கான்கிரீட்டும் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அத்தகைய நாளில் மாடித் திறந்தவெளியில் பதித்த கறுப்புக் கல்லின் சூட்டை எண்ணிப் பாருங்கள். விரிய இடமில்லாத கல் நெம்பி எழும். சுவரோரத்தில் சிறு இடைவெளி விட்டு அதை ஓரப்பட்டைக் கல்லால் மறைப்பதும், கான்கிரீட்டில் விட்ட இணைப்பை மேலே கல்லிலும் தொடர்வதும், பெரிய கூடங்களில் நெகிழும் இணைப்பு இடுவதும் இதற்காகவே. மூச்சுவிட இடம் கேட்கும் தரைக்கு நாம் தாளின் அளவுகூடத் தரமாட்டோம் என்கிறோம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கொடுமை காத்திருக்கிறது. தரையில் சிந்திய சிமெண்டுக் கறையை நீக்க ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். கடப்பாவும் கோட்டாவும் பளிங்கும் சுண்ணாம்பு இனம் என்றேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அவை நுரைத்துக் கரையும். பளபளப்பு போய்த் தோல் வெளிறும். நுரையைப் பார்த்து “அழுக்கு போகுது” என்று மகிழ்கிறோம். போவது கல். சிந்தியதை ஈரம் காயுமுன் துணியால் துடைத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

சரி, டைல்ஸ் போட்டுவிட்டால் தொல்லை தீருமா? விட்ரிஃபைட் டைல்ஸ் நூற்றுக்கு அரைப்பங்கு நீரைக்கூட உறிஞ்சாது. அதுவே அதன் சிறப்பு. அதுவே சிமெண்டுப் பாலை அது பற்றாமல் நழுவவிடுவதற்கும் காரணம். பழைய முறையில் சிமெண்டுப் பால் ஊற்றிப் பதித்த டைல்ஸ், ஒரு நாள் காலையில் கூடத்தின் நடுவே கூரைபோல் எழும்பி நிற்பதை நம் தெருக்களிலேயே காணலாம். கல்லைக் கைவிட்டவர்கள் கீழே இருந்த அதே தவறுகளை, அதே தரையில், வேறொரு பொருளின் அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி, நம்மைப் போன்ற பழைமைப் பற்றாளர்கள் கேட்பது. கோயில்களில் நூற்றாண்டுக் கணக்கில் கல்தளம் நிற்கிறதே, அங்கே யார் பசை வாங்கினார்கள்? நியாயமான கேள்வி. அங்கே கிடப்பவை பெரும்பாலும் கனத்த பலகைக் கற்கள். தம் எடையாலேயே அமர்ந்தவை. மண்ணின் ஈரத்தை இடைச்சந்துகள் வழியே வெளியேவிடும் வகையில் கிடப்பவை. நம் வீட்டில் இருப்பது 18 மில்லிமீட்டர் வில்லை, கான்கிரீட்டோடு பிணைத்தது. முன்னது தானே நிற்கும். பின்னது தன்னைத் தாங்குவதைப் பொறுத்தே நிற்கும். இந்த வேறுபாடு அறியாமல் ‘அந்தக் காலத்துக் கைவண்ணம்’ என்று பெருமூச்சு விடுவதால் பயனில்லை. அதே பெருமூச்சோடு திருப்பணி என்ற பெயரில் பழைய தளத்தின்மேல் பளபளக்கும் கிரானைட் பரப்பி, தூண்களின் அடிப்பகுதியைப் புதைப்பதற்கும் நன்கொடை எழுதுகிறோம்.

இவ்வளவும் வீட்டுக்காரர் இழப்பு. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கதவடைத்த கூடத்துக்குள் கை எந்திரத்தால் கிரானைட்டை உலர்வாக அறுக்கும் தொழிலாளியைப் பார்த்திருப்பீர்கள். முகத்தில் ஒரு கைக்குட்டை, புருவம்வரை வெண்தூசி. கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு; அதன் நுண்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாக்கும். சிலிகோசிஸ் என்னும் அந்நோயை ஆற்ற மருந்தில்லை. அத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. குவார்ட்ஸ் மிகுந்த செயற்கைக் கற்பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்தது. அறுத்த தொழிலாளரின் நுரையீரல்களே அத்தடைக்குக் காரணம். இங்கோ அண்டை மாநிலத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்து பதித்துவிட்டுப் போகும் இளைஞன், பத்தாண்டு கழித்து எந்த ஊரில் மூச்சிரைத்துக் கிடக்கிறான் என்று நமக்குத் தெரியவராது. நீர் சொரிந்து அறுக்கும் எந்திரம், மின்கசிவைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, திறந்தவெளியில் அறுக்கும் ஏற்பாடு, தரமான முகக்கவசம். இவையும் கண்ணுக்குத் தெரியாத செலவுக் கணக்கில் சேர்ந்தவைதாம். இவற்றையும் நாம் மறுக்கிறோம்.

மறுப்பின் கருவி, சதுர அடிக் கூலி. ஒரு நாளில் நூறு சதுர அடி பதிப்பவனுக்கு, தூக்கிப் பார்த்து ஐம்பது பதிப்பவனைவிட இருமடங்கு கிடைக்கும். நல்ல வேலைக்குத் தண்டனையும் அவசரத்துக்குப் பரிசும் தரும் முறையை நாமே வகுத்துவிட்டு, “இந்தக் காலத்துல வேலை தெரிஞ்ச ஆளே இல்ல” என்று அலுத்துக்கொள்கிறோம். வேலை தெரிந்த மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் நாட்கணக்கைக் கேட்டதும், குறைவாகக் கேட்டவரிடம் போய்விடுகிறோம். ‘வடக்கத்தி ஆள்’ என்று பழிபோடுவதும் இந்த அலுப்பின் மறுவடிவமே. தமிழ் பேசும் கையும் ஐந்து உருண்டைதான் வைக்கிறது, கூலி அப்படியானால்.

இலக்கியம் பேசும் இடத்தில் இதை ஏன் எழுதுகிறாய் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சிற்பியைப் போற்ற நமக்கு ஆயிரம் சொற்கள் உண்டு. ரசமட்டமும் மணியாசுக் கட்டையும் மூலைமட்டமும் பிடித்தவரைப் பற்றிப் பேசச் சொல் வருவதில்லை. பசை மூட்டையின்மேல் உள்ள செய்முறை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தரவிதி நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாட்டம், மட்டம், கலவை, பாவுதல் என்று நுட்பமான சொற்களைக் கையில் வைத்திருக்கும் தொழிலுக்கு, அச்சொற்களில் எழுதிய ஒரு கைந்நூல் எளிதில் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கலைச்சொல் மாநாடுகள் நடத்தும் நாம் இதை எழுதினால் தமிழுக்கு இழுக்கு வந்துவிடாது.

அதுவரை வீடு கட்டுவோர் செய்யத்தக்கது உண்டு. ஒப்பந்தத்தில் கல்லின் பெயரையும் சதுர அடி விலையையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கான்கிரீட்டுக்குக் கீழே விரிப்பு, உலர்வதற்குக் காலம், படுகையின் கனமும் கலவையும், ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் பார்த்து அமர்த்தல், குளியலறையிலும் பால்கனியிலும் நீர் ஓட நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வாட்டம், சுவரோர இடைவெளி, நீர் சொரிந்து அறுத்தல், ஆசிட் கூடாது என்ற விதி ஆகிய ஒவ்வொன்றையும் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய கூலியை எதிரே எழுதுங்கள். தரையை நாட்கூலிக்கு விடுங்கள். அல்லது ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பதிக்கக்கூடாது என்று நீங்களே வரம்பு கட்டுங்கள். வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தால் கல் கல்லாகத் தட்டிப் பார்த்து, பானை ஒலி வந்த கல்லைப் பெயர்த்து மீண்டும் பதிக்கும் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு தரை உப்புப் பூத்தால், அப்போது கல்லைக் குறை கூறுங்கள். நானும் உடன் வந்து கூறுகிறேன். ஒரு முழம் பாலித்தீனுக்கும் ஒரு மாதக் காலத்துக்கும் கணக்குப் பார்த்தவர்கள் கல்லின் மேல் வழக்குத் தொடுப்பதை மட்டும் ஒப்புக்கொள்வதற்கில்லை.